மேற்கு வீட்டில் திறக்காத ஃபோல்டர்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மதியம் கறிச்சோறு. நன்றாகத்தான் ஆரம்பித்தது. கொழுந்தனார் பெரியசாமி போர்வெல் போடும் ரிக் வண்டியிலிருந்து லீவில் வந்திருக்கிறார். கை கழுவிக்கொண்டே, "அண்ணி, திருச்செங்கோட்டுல ஒரு ஊடு பாத்திருக்கறோமுங்க" என்றார். வாடகை வீடு. கீழே கடை போடுகிற மாதிரி ஒரு அறை. எம்பிராய்டரி மிஷினை அங்கே கொண்டுபோய்விடலாமாம். அவர் மனைவி மோனிஷா தலை தூக்காமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். பேசுவது அவர், எழுதிக் கொடுத்தது அவள் என்று எனக்கா தெரியாது?

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "இந்தத் தொழில ஆரம்பிச்சது ஆருன்னு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். மோனிஷா பாதிச் சோற்றில் எழுந்து போனாள். அத்தை மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தார், யாருக்கும் வேண்டாத ரசம்.

ஏன் அப்படிக் கேட்டேன்? ஒரே வீட்டின் கிழக்குப் பாதி எங்களுடையது, மேற்குப் பாதி அவர்களுடையது. இந்தப் பக்கம் நான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன், அந்தப் பக்கம் அவள் மிஷினில் தைக்கிறாள். நடுவில் என் சர்வர். நான் போட்ட டிசைன் பொது ஃபோல்டரில் விழுந்ததும் அவள் அங்கிருந்து எடுத்துக்கொள்வாள். இத்தனை வருஷமாக இப்படி ஓடியதை ஒரு வாய்ச் சோற்றுக்கு நடுவில் பிரித்துப் போட்டால்?

சாயங்காலம் கை சும்மா இருக்கவில்லை. பாத்திரம் எல்லாம் துலக்கினேன். பரண் துடைத்தேன். சர்வரின் மென்பொருள் பழசாகிவிட்டது, புதுப்பியுங்கள் என்று பல மாதமாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. சரி, இதையாவது முடிப்போம் என்று அப்கிரேடு கொடுத்தேன். வெகுநேரம் ஓடியது. அணைந்து எரிந்தது. என் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். எல்லா டிசைனும் பத்திரமாக இருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் மோனிஷா வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஃபோல்டர் தொறக்க மாட்டீங்குதுங்க்கா."

"தொறக்குதே. நான் நேத்துப் பார்த்தேன்."

"உங்குளுக்குத் தொறக்கும்." அந்த 'உங்குளுக்கு'! "எனக்கு அனுமதி இல்லைன்னு வருதுங்க்கா. சர்வர் நிர்வாகியக் கேளுங்கன்னு போட்டிருக்குது."

நிர்வாகி யார்? நான்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

"பூட்டிட்டீங்களாங்க்கா?" என்றாள். குரல் தணிந்துதான் இருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும்.

"அட ஏம் புள்ள, நான் எதுக்குப் பூட்டறேன்? அப்கிரேடு பண்ணுனேன், அதுல ஏதோ ஆயிருக்கும்" என்றேன். "நேத்துத்தான் பண்ணுனீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நேற்றுத்தான். ஆமாம். நேற்றேதான் செய்திருக்க வேண்டுமா?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை முழுவதும் இதே வேலை. சர்வரை அணைத்துப் போட்டேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். மேற்கே போகும் வயரை வாசல் ஓரமாகத் தடவிக்கொண்டே போனேன். மாட்டுக்கொட்டகைச் சந்தில் எலி கடித்திருந்தது. அப்பாடா என்று இருந்தது. எலிதான்! எலி மேல் பழி போட்டால் யாருக்கும் வருத்தமில்லை. புது வயர் இழுத்து மாட்டினேன்.

என் பக்கத்திலிருந்து அவள் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தால் பதில் வருகிறது. வயரில் குற்றமில்லை. கடித்தது மேல்தோலை மட்டும்தான் போலிருக்கிறது. அத்தையை அனுப்பிக் கேட்டேன். "இன்னும் அதையேதான் காட்டுதாமா" என்று வந்து சொன்னார்.

நெட்வொர்க் பட்டியலிலேயே சர்வரின் பெயர் காணோம். அப்கிரேடுக்குப் பிறகு இப்படிப் பலருக்கும் ஆகியிருக்கிறது, முகவரியை நேராக அடித்துப் பாருங்கள் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். முகவரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினேன். திறக்கவில்லையாம். ஃபோல்டரின் அனுமதிகளைப் பார்த்தேன். எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தேன். என் லேப்டாப்பில் எப்போதும் போல் திறக்கிறது, திறந்துகொண்டே இருக்கிறது, அதைப் பார்த்தாலே எரிச்சல்.

அவள் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்து பார்த்தால் பாதி புரிந்துவிடும். ஏன் போகவில்லை? அவள் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் எப்படிப் போவது?

இதற்கு முன்னால் கூப்பிட்டுத்தான் போனேனா?

ஆகஸ்ட் 21, புதன்

இன்றும் ஒரு வழி தெரியவில்லை. சாதம் அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் இருக்கும் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். வண்டி ரிப்பேராகி நிற்கிறது, சாமான் வந்தால்தான் கிளம்ப முடியும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று, "ஏம் புள்ள, நீ ஏதாச்சும் பண்ணி வெச்சயா?" என்றார்.

"என்னத்த?"

"இல்ல, பெரியசாமி சொன்னான். ஞாயித்துக்கிழமை பேச்சு, திங்கக்கெழம பூட்டுன்னு."

எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம்! முருகானந்தம், நீங்களுமா? "கோவத்துல பண்ணியிருந்தாலும் பரவால்ல, தொறந்து உட்ரு" என்றார். பெருந்தன்மையாகச் சொல்கிறாராம். போனை வைத்துவிட்டேன்.

என்ன மனுசன்! ஒரு வார்த்தை, "நீ பண்ணியிருக்க மாட்ட, எனக்குத் தெரியும்"னு சொன்னா வாயில இருக்கற முத்து உதுந்தா போயிரும்?

பிறகு வாசலில் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. நான் பூட்டவில்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் அந்தச் சர்வர் முன்னால் உட்கார்ந்தபோது, இது என்னுடையது, இதை நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று ஒரு நினைப்பு இருந்ததா இல்லையா? இருந்தது. அதுவும் பூட்டுவதும் ஒன்றில்லைதான். ஆனாலும்.

ஆகஸ்ட் 24, சனி

வேலை நிற்கவில்லை. ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் கழுத்துவரை இருக்கின்றன. டிசைனை பென் டிரைவில் போட்டு வைக்கிறேன், அத்தை எடுத்துக்கொண்டு மேற்கே போகிறார், காலியாகத் திரும்பிக் கொண்டுவருகிறார். மோனிஷா வருவதில்லை. நானும் போவதில்லை.

இன்று அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் குச்சிய இன்னும் எத்தன தரம் தூக்கிக்கிட்டு அலையோணும் நானு? வெரல் மொத்தங்கூட இல்ல, இதுக்குள்ள அத்தன பூவும் மயிலும் இருக்குதுங்கறீங்க. நாலு எட்டு வெச்சா அவ ஊடு. நீயே போயிக் குடுத்தா காலு தேஞ்சு போயிருமா சாமி?"

"அவ வரலாமில்லீங்க அத்தை?"

"அவகிட்டக் கேட்டா, அக்கா வரலாமில்லைங்கறா. ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியாரு போல."

அத்தையின் பெயர் ஆராயி. ஆராய்ந்து பார்த்துத்தான் பேசுவார் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வதுண்டு. இன்று சிரிப்பு வரவில்லை.

சர்வரின் பதிவுகளை மறுபடி முழுதும் படித்தேன். யார் எப்போது கதவைத் தட்டினார்கள், ஏன் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று அதில் விழ வேண்டும். என் லேப்டாப் பெயர் தவிர எதுவும் இல்லை. செவ்வாய் இரவு கடைசியாக ஒருமுறை சர்வரை அணைத்துப் போட்டதில் பழைய பதிவுகள் அழிந்திருக்கின்றன. புதிதாக எதுவும் விழவில்லை. ஏன் விழவில்லை?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பெரியசாமி திருச்செங்கோட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருக்கிறாராம். அத்தை சொல்லித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஐயோ. என்ன சொல்ல.

எருமப்பட்டிப் பெண்ணின் கல்யாணப் பிளவுஸ். அடுத்த வாரம் முகூர்த்தம். வலது கையில் பெண் பெயர், இடது கையில் மாப்பிள்ளை பெயர், ஜரிகை நூலில். முதலில் தர்சன் என்று போட்டிருந்தேன். பெண்ணின் அம்மா போனில், "ச வேண்டாமுங்க, ஷ போடோணும். பையனூட்டுல கோவிச்சுக்குவாங்க" என்றார். தர்ஷன் என்று திருத்திப் புது டிசைனாக பென் டிரைவில் போட்டேன். பழையதை அழிக்கவில்லை. பென் டிரைவை நேராக மிஷினில் செருகினால் அந்தச் சின்னத் திரையில் ஃபைல் பெயரின் முதல் சில எழுத்துகள்தான் தெரியும். இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்திருக்கின்றன.

மெரூன் பட்டில் தர்சன்.

மோனிஷா ஓடி வந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக என் அறைக்குள். கையில் அந்தப் பிளவுஸ் கைக்கான துணி. முகம் வெளுத்திருந்தது. "அக்கா, தச்சுட்டனுங்க்கா. தச்சு முடிச்சுட்டுத்தான் பாத்தேன்." குத்திக்காட்ட அவளுக்கு ஆயிரம் வழி இருந்தது. ஃபோல்டர் திறந்திருந்தால் பென் டிரைவே தேவைப்பட்டிருக்காது, கம்ப்யூட்டரில் முழுப் பெயரும் தெரிந்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. துணியை என் மேசையில் விரித்து வைத்தாள்.

அதே பட்டு கடையில் இருக்கிறதா என்று சேலத்துக்குப் போன் செய்தேன். புடவையோடு வந்த துணி, தனியாகக் கிடைக்காது என்றார்கள்.

"பிரிக்கலாம்" என்றேன். "அந்த ஒரு எழுத்த மட்டும்."

"ஓட்டை தெரியுமேங்க்கா?"

"ஷ அகலமான எழுத்து. மூடிக்கும்." சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை. நாளைக் காலையில் வெளிச்சத்தில் செய்யலாம் என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 28, புதன்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும், எங்கேயாவது விட்டுவிடுவேன்.

காலையில் நானே மேற்கே போனேன். பாய் விரித்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். துணியைத் திருப்பிப் போட்டு அடி நூலை பிளேடால் அறுத்து, மேலே ஜரிகையை இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். ஒருத்தி துணியை இறுக்கிப் பிடிக்க, ஒருத்தி இழுக்க. நிமிர்ந்து முகம் பார்க்க முடியாத வேலை. அதனால்தான் பேசினாளோ என்னவோ.

"நீங்க பூட்டலைன்னு எனக்குத் தெரியுமுங்க்கா."

நான் இழுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள்.

"மொத நாளே தெரியும். நீங்க கோவம் வந்தா மூஞ்சிக்கு நேரா கத்துவீங்க, பொறகால போயி எதையும் பண்ண மாட்டீங்க. ஆனாலும் நீங்கதான் பூட்டிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அவருகிட்டயும் அப்படியே சொன்னேன்."

"ஏம் புள்ள?"

உதிர்ந்து விழுந்த ஜரிகைத் துணுக்கை விரலால் ஒதுக்கினாள்.

"எனக்குப் போகோணுமுங்க்கா. டவுன்ல ஒரு கடை, என்ற பேர்ல ஒரு போர்டு. ரொம்ப நாளா ஆசை. நீங்க ஒண்ணும் கெடுதல் பண்ணல, அத்தையும் பண்ணல. நல்லா இருக்கறவங்ககிட்ட இருந்து எப்படிப் போறது? என்ன காரணம் சொல்றது? அன்னிக்கு ஸ்க்ரீன்ல அப்படி வந்ததும்... ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம், சரி, இனிப் போயிரலாமுன்னு இருந்துது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒன்பது நாள் என்னைத் திருடியைப் போல வாசலில் நடக்க விட்டாளே. வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. கல்யாணமான புதிதில் நான் இதே வாசலில் இதையேதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, இருந்துவிட்டேன்.

"துணிய இறுக்கிப் புடி" என்றேன்.

எழுத்து போன இடத்தில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அத்தை இட்லிப் பானையை இறக்கி ஆவியில் காட்டினார். நகத்தால் தடவத் தடவப் பாதி மூடிக்கொண்டது. இனி ஷ-வை மட்டும் தனியாகப் போட்டு, அதே இடத்தில் தைக்க வேண்டும். முதலில் கழிவுத் துணியில் ஓட்டிப் பார்த்தோம். அகலம் அதிகம், பக்கத்து ன்-ல் இடித்தது. கிழக்கே ஓடித் திருத்தினேன், பென் டிரைவோடு மேற்கே ஓடி வந்தேன். இப்போது சாய்வு சரியில்லை. மறுபடி ஓட்டம். மூச்சு வாங்கியது. "இப்படியே ஓடிக்கிட்டிருந்தா பொழுது போயிருமுங்க்கா" என்றாள். அவள் கம்ப்யூட்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்தேன். அத்தையிடம் என் லேப்டாப்பைத் தூக்கி வரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப ஃபோல்டர அமுக்கு."

"அமுக்கிட்டனுங்க்கா."

அந்த வாசகம் வந்தது. இதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். நானே படித்தாலும் என்னை யாரோ பூட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். அதே நொடியில் என் மடியில் சர்வரின் பதிவில் ஒரு வரி விழுந்தது. இத்தனை நாள் எதுவும் விழாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வயரைச் சரிசெய்த நாளுக்குப் பிறகு அவள் திறந்து பார்க்கவே இல்லை.

அந்த வரியில் அனுமதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மிஷினோடு வந்த அவளுடைய கம்ப்யூட்டர் ரொம்பப் பழையது. அதன் விண்டோஸுக்கு ஃபைல் பரிமாற்றத்தின் மிகப் பழைய முறை ஒன்றுதான் தெரியும். அது பாதுகாப்பில்லாதது என்று புதிய சர்வர் மென்பொருள் தன் பாட்டுக்கு நிறுத்தியிருக்கிறது. அனுமதியைக் கேட்கிற இடம்வரைகூட அவள் கம்ப்யூட்டர் போகவில்லை. அந்தப் பழைய விண்டோஸுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை, அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது.

சர்வர் அமைப்பில் பழைய முறையையும் ஏற்றுக்கொள் என்று இரண்டு வரி சேர்த்தேன். வெளியிலிருந்து யாரும் நுழையாதபடி வீட்டுக்குள் மட்டும் என்று கட்டினேன். "அமுக்கு." இந்த முறை பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தாள், ஏற்கவில்லை. பயனர் பட்டியலைப் பார்த்தால் அப்கிரேடில் என் பெயர் மட்டும் வந்திருக்கிறது, அவள் பெயர் விடுபட்டுப் போயிருக்கிறது. மோனிஷா என்று புதிதாகச் சேர்த்தேன். "பாஸ்வேர்டு நீயே போடு" என்று லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாத்தா என்னங்க்கா, நீங்கதான?"

"உன்றது உன்றதாவே இருக்கட்டும்."

திறந்தது. அத்தனை டிசைனும் வரிசையாக வந்து நின்றன. மோனிஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் ஷ-வின் கொக்கி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, அதைத் திருத்த வேண்டியிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தினேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் எடுத்தாள். ஃப்ரேமில் துணியைப் பிடித்து ஊசியை நேர் நிறுத்துவது அவள் கைவேலை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டுவிட்டது. ஒரு ஓட்டைகூடத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பெண்ணின் அம்மா வந்து பிளவுஸ் துணியை வாங்கிப் போனார். ஷ-வைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த எழுத்துத்தானுங்க எல்லாத்துலயும் எடுப்பா இருக்குது" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சிரித்துத் தொலைத்திருப்போம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மறுபடி கறிச்சோறு. பெரியசாமி வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "ஆவணி முடியறதுக்குள்ள பால் காய்ச்சிருங்க. புரட்டாசி பொறந்தா அப்புறம் ஐப்பசிதான்." அவர் தட்டைப் பார்த்தார். மோனிஷா என்னைப் பார்த்தாள். "மிஷின் அவ ஓட்டுனது. அவளோடவே போகட்டும்" என்றேன்.

மோனிஷா என் வீட்டுக்காரருக்கே போன் போட்டு, பூட்டியது யாருமில்லை, தன் கம்ப்யூட்டர்தான் பழசு என்று சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார். "சாப்பிட்டயா?" என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாவது தரம், "நான் கேட்டுருக்கக் கூடாது" என்றார். "கூடாதுதானுங்க" என்றேன். அதோடு விட்டேன். இன்னும் கொஞ்சம் உறுத்தல் இருக்கிறது, இருக்கட்டும்.

நல்லவளாகப் பேசிவிட்டு இப்போது எதற்கு மேற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

செப்டம்பர் 15, ஞாயிறு

மிஷின் போனது. டெம்போவில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. மோனிஷா அதன் மேல் பழைய போர்வையைச் சுற்றி, தானும் பின்னாலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள், பெரியசாமி முன்னால் வா என்று கூப்பிட்டும் போகவில்லை.

இனி டிசைன்களை இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். அங்கே புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று.

மேற்கு அறையில் மிஷின் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. துடைத்தேன், போகவில்லை. இத்தனை வருஷம் பகலெல்லாம் அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. தலைவலி என்று திட்டியிருக்கிறேன். அத்தை இன்று மூன்று முறை, "கரண்டு போயிருச்சா சாமி?" என்று கேட்டார்.

செப்டம்பர் 23, திங்கள்

மனது ஒரு இடத்தில் நிற்கவில்லை. டிசைன் போட்டு அனுப்புகிறேன். தைத்து முடித்து போட்டோ வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போட்டது துணியில் ஏறுவதை இந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை.

ராஜஸ்தானுக்குப் போன் போட்டு அவரிடம் சொன்னேன்: எனக்கு ஒரு மிஷின் வேண்டும். "உனக்கு ஓட்டத் தெரியாதே?" என்றார். தெரியாது. அதுதானே விஷயம்.

அக்டோபர் 9, புதன்

சேலத்தில் ஒரு பட்டறையை மூடுகிறார்கள். சின்ன மிஷின், ஒரு நேரத்தில் ஒரு துணி மட்டும் தைக்கிற ஒற்றைத் தலை. பெரியசாமியே போய்ப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மேற்கு அறையில் வைத்தோம்.

அக்டோபர் 20, ஞாயிறு

தீபாவளி ஆர்டர் இரண்டு வந்திருக்கிறது. பயத்தில் இரண்டு நாளாக மிஷினைத் தொடவில்லை. இன்று காலையில் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு பூவை ஓட்டிப் பார்த்தேன், சின்னதுதான், அஞ்சு இதழ். இரண்டு முறை நூல் அறுந்தது. முடிந்தபோது துணி சுருங்கி, பூ அப்பளம் போல மேலெழும்பி நின்றது. அத்தை தடவிப் பார்த்து, "வெண்டைக்கா பஜ்ஜியாட்டம் இருக்குது" என்றார்.

வெட்கத்தோடுதான் போட்டோ எடுத்து மோனிஷாவுக்கு அனுப்பினேன். கடையில் கூட்டமாக இருக்கும், சாயங்காலம்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். உடனே போன் அடித்தது.

"அக்கா, மேல் நூல் ரொம்ப இறுக்கமா இருக்குதுங்க. அடியில பேப்பர் வெக்காம ஓட்டுனீங்களா? எதையும் திருகாதீங்க. அப்படியே உடுங்க. காலைல கடை தொறக்கறதுக்கு முந்தி நான் வாரேன்."